ஒரே குதிரை, ஆறு உடம்பு

ஆட்டையாம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குக் குதிரை என்றால் அந்தியூர்தான். ஆடியில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வரிசைகட்டி நிற்கும். வாங்க வருபவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். சுழி சரியில்லையா, எவ்வளவு அழகான குதிரையும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அர்ஜென்டினாவில் பார்வை வேறு. அங்கே போலோ ஆடிப் பெயர் வாங்கிய குவார்டெடேரா ஒரு செம்பழுப்புப் பெட்டை. மட்டக்குதிரை (போனி) என்று பெயர்தானே தவிர, இந்த ஆட்டத்துக்கான குதிரைகள் தோளளவில் ஏறக்குறைய ஐந்தடி நிற்கும். மட்டை சிக்காமலிருக்கப் பிடரியை மழித்து, வாலைப் பின்னி மடித்துக் கட்டி, கால்களுக்குப் பட்டி சுற்றித்தான் களத்தில் இறக்குவார்கள். ஆளின் வலக்கையில் மட்டை. இடக்கையில் மட்டுமே கடிவாளம். தலைதெறிக்க ஓடுவது பெரிதில்லை. ஓடிய வேகத்தில் சட்டென்று நின்று, அதே இடத்தில் திரும்பி, மறுபடி பாய வேண்டும். எதிராளி குதிரையைத் தோளால் இடித்துத் தள்ளவும் தயங்கக் கூடாது. குவார்டெடேரா இதில்தான் கெட்டி. ஏழு நிமிடச் சுற்று ஒன்று முடிந்ததும் குதிரையை மாற்றிவிடுவார்கள். அவ்வளவு உழைப்பு.

அதன் உரிமையாளர், புகழ்பெற்ற ஆட்டக்காரர் அடோல்ஃபோ காம்பியாசோ. அர்ஜென்டினாவின் பெரிய போலோப் போட்டியான பலேர்மோவின் 2006 இறுதி ஆட்டத்தில் அவருடைய அய்கென் குரா என்ற ஆண்குதிரை கால் ஒடிந்து விழுந்தது. பிழைக்கவில்லை. ஆனால் அதன் உயிரணுக்களை எடுத்து வைக்கச் சொன்னார். அந்த யோசனைதான் பின்னால் குவார்டெடேராவுக்கும் நகல்களை (குளோன்களை) பிறப்பித்தது. 2010இல் ஒரு குட்டி நகல் எட்டு லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2016 பலேர்மோ இறுதியில் காம்பியாசோ குவார்டெடேராவின் ஆறு நகல்களின் மேல் மாறி மாறி ஏறி ஆடிக் கோப்பையை வென்றார்.

ஆறும் அச்சு அசல் ஒன்றா? மரபணு ஒன்றுதான். சுமந்த வயிறுகள் வேறு. நெற்றியிலும் காலிலும் விழும் வெள்ளைகூட நகலுக்கு நகல் மாறும். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கில் மாவு ஒன்றானாலும் சுற்று ஒன்றாவதில்லையே! பழக்குகிறவர் கையில் பாதி இருக்கிறது என்பதே என் எண்ணம்.

மூல குவார்டெடேரா 2023இல் இறந்தது. நகல்களின் வம்சம் களத்தில் தொடர்கிறது. தரோபிரெட் இனக் குதிரைகளின் பந்தயத்தில் மட்டும் இந்த வேலை நடக்காது. அங்கே ஓடும் குதிரை இயல்பான இணைசேர்க்கையில் பிறந்திருக்க வேண்டும். நகல் கிடக்கட்டும், செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியையே பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள்.