இயற்றியோரும் இசை வகுத்தோரும்: இராம நாடகக் கீர்த்தனையில் கூட்டுப் படைப்பு

முன்னுரை

இசை நாடகத்தில் சொல்லை ஒருவர் யாக்க, மற்றொருவர் இசை வகுப்பது பெருவழக்கு. ஐரோப்பிய ஓபராவில் அவ்விருவருள் இசையமைப்பாளர் பெயரே முன்நிற்கிறது. 'ஃபிகாரோவின் திருமணம்' (1786) மோட்சார்ட்டின் படைப்பாகவே அறியப்படுகிறது. பாடலாசிரியர் லொரென்சோ த போன்தே பின்னுக்குச் சென்றுவிடுகிறார். தமிழில் நிலைமை இதற்கு மாறானது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனையைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை மரபு

இசை வகுத்தோரைப் போற்றும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பரிபாடலின் பாடற்குறிப்புகள் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றனையும் தனித்தனியே சுட்டுகின்றன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நல்லச்சுதனார் முதலிய இசைவாணர்களை நாம் அறிவது இக்குறிப்புகளாலேயே. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் இசையாசிரியனுக்கும் கவிஞனுக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கின்றது.

இராம நாடகத்தில் கூட்டுப்பணி

சட்டநாதபுரம் வேங்கடராமையர், கோதண்டராமையர் ஆகிய இருவரும் கவிராயரின் மாணாக்கர்; இசைவல்லோர். கவிராயர் யாத்த பாடல்களுக்கு இவர்களே இசையமைத்தனர் என்பது மரபுவழிச் செய்தி. கம்பராமாயணமே நூலுக்கு அடிப்படை. விருத்தமும் வசனமும் கதையை நகர்த்துகின்றன. கீர்த்தனையோ பாத்திரத்தின் மெய்ப்பாட்டில் நின்று விரிகின்றது. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி மீண்டு வரும். எனவே, மீளுந்தோறும் பொருள் வலுப்பெறும் கருத்தையே கவிஞர் பல்லவியில் வைத்தல் வேண்டும். கம்பனின் விருத்தத்திற்கு இத்தேவை இல்லை. ஆதலின் கம்பனைக் கீர்த்தனையாக்குதல் வெறும் யாப்பு மாற்றமன்று. இசையின் கட்டளைக்கேற்பக் காப்பியத்தை மறுபடி எண்ணிப் பார்த்தலாகும். இசையறிந்தோர் உடனிருந்தமை இப்பணிக்குத் துணைநின்றிருத்தல் வேண்டும் எனக் கருதலாம்.

இசையின் மறைவு

பழைய பதிப்புகள் பாடல்தோறும் இராக, தாளப் பெயர்களைத் தருகின்றன, சுரக்குறிப்புத் தருவதில்லை. இராகப் பெயர் மெட்டாகாது. ஒரே இராகத்தில் வேறுபட்ட மெட்டுகள் பல அமையக்கூடும். இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி மேடையில் பாடல்கள் பல புதிய வடிவம் பெற்றன. மிதிலையில் சீதையைக் கண்ட இராமன் வியந்து பாடும் பாடல் இன்று பெரும்பாலும் பைரவியில் கேட்கப்படுகிறது. கவிராயரின் காலத்தவரான இத்தாலியக் கவிஞர் மெத்தஸ்தாசியோவின் (1698–1782) நாடகங்களுக்கும் பலர் மாறிமாறி இசையமைத்தனர். ஆயினும், அவ்விசைகளுட் பல இசைச்சுவடிகளாக அமைத்தோர் பெயருடன் எஞ்சியுள்ளன. இங்கோ சொல் நிலைத்தது. முதல் மெட்டும் அதனை அமைத்தோர் பங்கும் வாய்மொழியில் கரைந்தன.

முடிவுரை

மறைந்த மெட்டுகளை முழுமையாக மீட்டல் இயலாது. ஆயினும் பதிப்பாசிரியர் செய்யத்தக்கன இரண்டு உள. ஒன்று, கவிராயர் பெயருடன் மாணாக்கர் இருவர் பெயரையும் முகப்பில் சேர்த்தல். மற்றொன்று, பழம்பதிப்புகள் சுட்டும் இராக தாளங்களையும் இன்று வழங்கும் இராக தாளங்களையும் பாடல்தோறும் பிரித்துக் காட்டல். பரிபாடலைத் தொகுத்தோர் காட்டிய நெறி இதுவே. அதன் பண்களின் ஒலி நம்மிடம் இல்லை. எனினும் இசை வகுத்தோரின் பெயர்கள் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டு நூலுக்கு அந்த அளவு நேர்மையேனும் நாம் செய்தல் கடன்.