கதை பிறக்கும் இடம்



கற்பனை உலகம் வெறும் வானத்திலிருந்து பிறப்பதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவரைக் குறிக்கிறது. அவரைப்பற்றி நாம் அறிவது மிகச் சிறிதே. அச்சிறு விதையைக் கொண்டே கல்கி, 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரின் நாயகனைப் படைத்தார். இலங்கை சென்று கதைக்குரிய இடங்களை நேரிலும் கண்டார்.

நம் செடெனாக்கிலும் விதைகள் உள. செம்பனைக் காட்டின் காலைப் பனியைக் காண்கிறோம். பாட்டியர் கூறும் பால்மரக் காலத்து நினைவுகளைக் கேட்கிறோம். எழுதி வைக்காவிடில் அவை அவர்களோடு மறைந்துவிடும். ஆதலால், இன்றே கேட்டுக் குறித்துவைப்போம். பின்னர், “அடுத்து என்ன நிகழ்ந்திருக்கும்?” என வினவுவோம். அவ்வினாவே கற்பனையின் வாயில்.

அடுத்த ஆண்டு மலரில் உங்கள் கதை மலரட்டும்!