வண்டியை இறுக்கு... குதிரையைத் தளர்த்து!

அந்தியூர் சந்தையில குதிரை வாங்கியாச்சு. சென்னிமலை வரைக்கும் பத்திரமா கொண்டு வந்து சேர்க்கணுமே? முதல் முறையா குதிரைக்கு ஓனர் ஆகப்போற யூத்துகளுக்கு ஒரு ஃபுல் கைடு!

பைக் வாங்கினா, ஷோரூம் வாசல்லயே சாவியைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கி வீட்டுக்கு வந்துடலாம். குதிரை வாங்கினா? 'அதே மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டிட்டு வர வேண்டியதுதானே'ன்னு சினிமா ஹீரோ கணக்கா நினைச்சீங்கன்னா... ஸாரி பாஸ்! உங்களை இதுக்கு முன்னாடி பார்த்தே இராத ஒரு குதிரை மேல, பஸ்ஸும் லாரியும் பறக்குற ரோட்டுல ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வேணவே வேணாம்.

ஈரோடு மாவட்டத்துல அந்தியூர் பக்கம் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா நம்ம ஏரியாவுல ரொம்ப ஃபேமஸ். அதையொட்டி ஆகஸ்ட் வாக்குல கூடுற குதிரைச் சந்தைக்கு வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க. திப்பு சுல்தான் காலத்துல இருந்தே நடக்குற சந்தைன்னு ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. ரெண்டு காதும் உள்பக்கமா வளைஞ்சு நுனியில முத்தம் கொடுத்துக்குற கத்தியவார், மார்வார் குதிரைகளைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? வேடிக்கை பார்க்கப் போன பசங்க கையில கயித்தோட திரும்பறதும் உண்டு. டென்ஷன் ஆரம்பிக்கிறது அங்கேதான். 'இதை எப்படிடா ஊருக்குக் கொண்டு போறது?'

மாட்டுக் கணக்கு வேலைக்கு ஆகாது

சென்னிமலைக்காரங்களுக்கு மாட்டைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மலைக்கோயில் திருமஞ்சனத்துக்குக் காளை மேல தண்ணி ஏத்தி அனுப்புற ஊர். 1984 பிப்ரவரி 12-ம் தேதி ரெட்டை மாட்டு வண்டி 1,320 படியையும் ஏறிப் போன ஊர். அந்தப் பக்கம் போனா காங்கேயம் காளை. 'மாட்டையே ஏத்தி இறக்கிட்டோம், குதிரை எம்மாத்திரம்'னு தோணத்தான் செய்யும்.

இந்த நினைப்புதான் டேஞ்சர்! மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து இழுத்துக் கட்டினா நிக்கும். குதிரைக்கு அது கிடையாது. அதோட, குதிரை பயந்து ஓடியே உயிர் பிழைச்ச ஜாதி. தலையை அசைக்க முடியாம கட்டினா, 'சரி, இவ்வளவுதான்'னு அடங்காது. பின்னால சாய்ஞ்சு முழு பலத்தோட இழுக்கும். 350, 400 கிலோ எடை இழுத்தா கயிறு அறும், இல்லைன்னா கழுத்து போகும். சில பேர் லாரியில முன்னங்காலைச் சேர்த்துக் கட்டுவாங்க. தயவுசெஞ்சு வேணாம். அந்தக் கால்தான் அதுக்கு பிரேக், பேலன்ஸ் எல்லாமே!

இதைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன டெஸ்ட். நாளைக்கு காலேஜ் போறப்போ டவுன் பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னு பாருங்க (பக்கத்துல ஒரு ஃப்ரெண்டை நிறுத்திட்டு!). டிரைவர் பிரேக் போட்டதும் என்ன பண்ணுவீங்க? காலை அகட்டி வெச்சு, கையை விரிச்சு, தலையைச் சாய்ச்சு சமாளிப்பீங்க. குதிரை பயணம் முழுக்க அதைத்தான் பண்ணுது. ஆனா அதுக்குப் பிடிச்சுக்கக் கை இல்லை. காலை அகட்ட இடமும், தலையை அசைக்கக் கயித்துல கொஞ்சம் தளர்வும் இருந்தாதான் விழாம நிக்கும்.

அதனால ஒரே ஒரு ஃபார்முலா போதும். வண்டியில இருக்குற எல்லாத்தையும் இறுக்குங்க. குதிரையை மட்டும் தளர்வா விடுங்க.

எந்த வண்டி?

நம்ம பக்கம் பெரும்பாலும் பிக்கப் வேன்தான். குட்டியானையும் வருது, ஆனா அதோட பக்கப்பலகை குதிரை வயித்துக்குக்கூட எட்டாது. சுத்தியும் உயரமா கம்பிக் கூண்டு அடிச்ச வண்டியா பார்த்துப் பேசுங்க. 2016 ஜனவரி 1-ல இருந்து அமல்ல இருக்குற மோட்டார் வாகன விதிப்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் கொடுக்கணும். கால்நடை ஏத்துற வண்டியில வேற சரக்கு ஏத்தவும் கூடாது. 'போற வழிதானே, நாலு மூட்டையும் போட்டுக்கறேன்'னு டிரைவர் சொன்னா, 'வேணாமுங்ணா'ன்னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க.

1978-ம் வருஷத்து விலங்குகள் போக்குவரத்து விதிகள்ல குதிரைக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. ஒவ்வொரு குதிரைக்கும் நடுவுல குறைஞ்சது 8 செ.மீ. கனமுள்ள மூங்கில் கட்டணும். பின்னால விழாம இருக்கக் கெட்டியா ரெண்டு குறுக்குக் கட்டை வேணும். தலை அடிபடாம இருக்க மெத்தை மாதிரி ஏதாவது வெச்சுக் கட்டணும். சினைக் குதிரையையும் குட்டியையும் மத்ததுகளோட கலந்து ஏத்தக் கூடாது.

தரையைக் கவனிங்க. வெறும் இரும்புத் தகடுன்னா, குதிரை ஒண்ணுக்குப் போனதும் ஐஸ் மாதிரி வழுக்கும். ரப்பர் மேட்டோ, மணலோ, மேல கொஞ்சம் வைக்கோலோ போட்டே ஆகணும்.

டிரெய்லரா? சூப்பர்... ஆனா!

வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி ஜீப்புக்குப் பின்னால டிரெய்லரை மாட்டி, அதுல குதிரையை நிறுத்திக் கூட்டிட்டு வர்றது செம ஸ்டைல்தான். நம்ம ஊர்லயும் அந்த ஆசை எட்டிப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, டிரெய்லரும் சட்டப்படி ஒரு வாகனம். அதுக்கும் பதிவு உண்டு. ரெண்டு, உங்க வண்டியோட மேனுவல்ல எவ்வளவு எடை இழுக்கலாம்னு போட்டிருக்கான்னு பாருங்க. காலி டிரெய்லரே ஒரு டன் பக்கம் வரும். குதிரை எடை அதுக்கு மேல. மேனுவல்ல இழுவை எடையே போடலைன்னா, அந்த வண்டி இதுக்கு லாயக்கில்லைன்னு அர்த்தம்.

மாட்டறப்போ செய்ய வேண்டியது:

* வண்டியில இருக்குற குண்டும் டிரெய்லரோட கொக்கியும் ஒரே சைஸா? ரெண்டுலயும் அளவு பொறிச்சிருக்கும். 'ஏறக்குறைய பொருந்துது'ன்னா அது பொருந்தலைன்னு அர்த்தம்!

* லாக் போட்டு பின் மாட்டினதும், முன்னால இருக்குற ஜாக்கியைக் கொஞ்சம் மேல ஏத்திப் பாருங்க. வண்டியோட பின்பக்கமும் சேர்ந்து தூக்கினா ஓகே. கொக்கி மட்டும் தனியா மேல வந்தா, லாக் விழலை.

* ரெண்டு சேஃப்டி செயினையும் கொக்கிக்கு அடியில குறுக்கா, பெருக்கல் குறி மாதிரி மாட்டுங்க. கொக்கி கழண்டாலும் டிரெய்லரோட மூக்கு ரோட்டுல குத்தாம அந்தச் செயின் மேல தாங்கும்.

* பிரேக் உள்ள டிரெய்லர்ல ஒரு மெல்லிசு வயர் தொங்கும். டிரெய்லர் பிய்ச்சுட்டுப் போனா அதோட பிரேக்கைத் தானா பிடிக்க வைக்கிற வயர் அது. அதை இழுக்குற வண்டியில மாட்டணும். செயின்ல மாட்டினா புண்ணியமில்லை.

* பிரேக் லைட், இண்டிகேட்டர் எரியுதா? வீல் நட் டைட்டா? டயர்ல காத்து இருக்கா? டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. சும்மாவே நின்ன டிரெய்லர் டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் செத்திருக்கும்.

* முக்கியமா, மேட்டைத் தூக்கிட்டுத் தரையைக் குத்திப் பாருங்க. குதிரை மூத்திரம் பட்டுப் பட்டு பலகை உளுத்துடும், இரும்பு துருவேறிடும். ஓடற வண்டியில தரை உடைஞ்சா என்ன ஆகும்னு நாங்க எழுதவே வேணாம்.

எடை பேலன்ஸும் முக்கியம். மொத்த எடையில ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு முன்னால கொக்கி மேல உட்காரணும். பின்னால பாரம் அதிகமானா டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சுடும். அப்போ பதறி பிரேக் அடிக்காதீங்க. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. வேகம் குறைஞ்சா ஆட்டமும் அடங்கும்.

ரெண்டு குதிரை நிக்கிற டிரெய்லர்ல ஒண்ணு மட்டும் ஏத்தினா எந்தப் பக்கம்? நம்ம ரோட்டுல நாம போறது இடது ஓரம். தண்ணி வடியறதுக்காக ரோடே அந்தப் பக்கம் சரிஞ்சுதான் இருக்கும். அதனால பாரம் வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம் நிக்கணும்.

முதல்ல காலி டிரெய்லரோட ஒரு மைதானத்துல ரிவர்ஸ் பழகுங்க. ஈஸி டெக்னிக்: ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தை ஒரு கையால பிடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துங்க.

ஏத்தறதுக்கு ஒரு ஆர்டர், இறக்கறதுக்கு ஒரு ஆர்டர்

பிக்கப்பா இருந்தா ஒரு மேடு, வரப்பு பார்த்து வண்டியைப் பின்னால ஒட்டி நிறுத்துங்க. குதிரை தாண்ட வேண்டிய உயரம் குறையும். கயித்தைக் கையில சுத்திக்காதீங்க. குதிரை மிரண்டு இழுத்தா விரல் போயிடும். நேர் பின்னால யாரும் நிக்க வேணாம். 'ஹேய்... ஹோய்'னு கத்தறதுக்குக் கூட்டம் சேர்க்கவும் வேணாம். பத்து நிமிஷம் பொறுமையா நின்னா ஏற வேண்டிய குதிரையை, பத்து பேர் கத்தினா ஒரு மணி நேரம் ஆனாலும் ஏத்த முடியாது.

ஏறினதும் முதல்ல பின் குறுக்குக் கட்டை, அப்புறம்தான் தலைக்கயிறு. இறக்கறப்போ அப்படியே உல்டா: முதல்ல தலைக்கயித்தை அவிழ்க்கணும், அப்புறம்தான் பின்னால திறக்கணும். இது மாறினா என்ன ஆகும்? பின்னால திறந்திருக்கு, தலை மட்டும் கட்டியிருக்கு. குதிரை 'வழி கிடைச்சாச்சு'ன்னு பின்னால போகும், கயிறு இழுக்கும், மிரளும். மோசமான விபத்துக்கு இந்த ஒரு தப்பு போதும்.

கடிவாளத்துல கட்டவே கூடாது, வாய் கிழிஞ்சுடும். தலையில மாட்டுற ஹால்ட்டர்லதான் கயிறு. முடிச்சு ஒரே இழுப்புல அவிழணும். இன்னொரு ஐடியா: வண்டிக் கம்பியில ஒரு சணல் வளையம் கட்டி, அதுல கயித்தை முடிங்க. குதிரை சிக்கினா சணல் அறும், கழுத்து தப்பும். பாக்கெட்ல ஒரு கத்தி கட்டாயம்.

கயிறு எவ்வளவு நீளம்? தலையை நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் இறக்க முடியணும், ஆனா கால் மாட்டக் கூடாது. குதிரை மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், வாயால முடியாது. தலையைக் குனிஞ்சாதான் மூச்சுக்குழாய்ல சேர்ற சளியும் தூசியும் வெளிய வரும். மணிக்கணக்கா தலையைத் தூக்கிக் கட்டி வெச்சா அது நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியாவே வந்துடும். இதுக்கு 'ஷிப்பிங் ஃபீவர்'னு பேரே இருக்கு.

ரோட்டுல...

அந்தியூர்ல கிளம்பி பவானி, லட்சுமி நகர், சித்தோடு, பெருந்துறை, ஈங்கூர் வழியா சென்னிமலை. விதிப்படி குதிரை ஏத்தின வண்டி மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஹைவேஸ்ல பின்னால வர்றவங்க ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும். இடது ஓரமா போங்க. ரெண்டு மணி நேரத்துல வீடு வந்துடும்.

வாடகை வண்டின்னா கிளம்பறதுக்கு முன்னாடியே டிரைவர்கிட்ட பேசிடுங்க. "ஏனுங்ணா, குதிரை நின்னுட்டு வருதுங். திருப்பத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா போலாமுங்களா?" மரியாதையா கேட்டா எந்த அண்ணனும் மாட்டேன்னு சொல்ல மாட்டார். நீங்களே ஓட்டினா, டேஷ்போர்டு மேல ஒரு டம்ளர் நிறைய தண்ணி இருக்குறதா நினைச்சுக்கோங்க. அது சிந்தாம ஓட்டினா பின்னால நிக்கிறவரும் சிந்த மாட்டார்! பிரேக்கை முன்னாடியே மெதுவா பிடிங்க. நிக்கிறப்பவே குதிரை எடையில பாதிக்கு மேல முன்னங்கால்லதான் இருக்கு. சடன் பிரேக் போட்டா மொத்தமும் அங்கேயே வந்து விழும்.

கிளம்பின பத்து நிமிஷத்துல ஒரு முறை ஓரம் கட்டிப் பாருங்க. கொக்கி, கயிறு, கட்டை எல்லாம் செட் ஆகுற நேரம் அது. தொலைதூரம்னா நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி தண்ணி காட்டுங்க. கிளம்பறப்போ வயிறு முட்ட தானியம் கொடுக்காதீங்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வயித்து வலி வந்தா உயிருக்கே ஆபத்து. வாய்க்குக் கொஞ்சம் புல் போதும்.

பேப்பர் பக்காவா இருக்கா?

வண்டி ஏறறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர்கிட்ட 'பயணத்துக்குத் தகுதி'ன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கணும். இது வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. கிளாண்டர்ஸ்னு ஒரு நோய் குதிரைகிட்ட இருந்து மனுஷனுக்கும் தொத்தும். ரத்தப் பரிசோதனையில உறுதியான குதிரையைக் கருணைக்கொலை செய்யத்தான் சட்டம் சொல்லுது. ஹிசார்ல இருக்குற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனையெல்லாம் பண்ற இடம். 'டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?'ன்னு பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க.

குதிரை டிராவல் - குட்டி நியூஸ்!

* 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல குதிரைப் போட்டி மட்டும் ஸ்வீடன்ல நடந்தது. வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவோட நோய்த்தடுப்புச் சட்டம் சம்மதிக்கலை!

* 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்லயும் அதே கதை. குதிரைப் போட்டி நடந்தது ஹாங்காங்ல.

* 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல இந்தியா சார்பா குதிரை ஏறினவர் பெங்களூரு ஃபவாத் மிர்ஸா. ஃபைனல் வரைக்கும் போனார்.

கடைசியா ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் செல்ஃபி, ஸ்டேட்டஸ் எல்லாம் அப்புறம். முதல்ல தண்ணி வைங்க. நாலு காலையும் தடவி காயம் இருக்கான்னு பாருங்க. கொஞ்ச தூரம் நடக்க விடுங்க. முதல் பயணம் பயமா முடிஞ்சா, அடுத்த தடவை அந்த வண்டியைப் பார்த்தாலே குதிரை நகராது. நிதானமா முடிஞ்சா, கயித்தைப் பிடிச்சு நீங்க முன்னால நடந்தாலே போதும்... அதுவே பின்னால ஏறி வரும்!