நூலகர் பணிக்கு நேர்காணலா?

பட்டம் பெற்று, நூலக அறிவியலிலும் தேர்ச்சியடைந்த நம் பிள்ளைகளுக்குப் பள்ளியொன்றிலிருந்து நேர்காணல் அழைப்பு வரும்போது, இல்லத்தில் மகிழ்ச்சியோடு கலக்கமும் புகுந்துவிடுகிறது. என்ன கேட்பார்களோ என்னும் அச்சத்தில் பழைய பாடக் குறிப்புகளை இரவெல்லாம் மனனம் செய்வோர் பலர். சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கியதும் ஆயத்தம் முடிந்ததென்று எண்ணுவோரும் உளர். இவையும் வேண்டியவையே. ஆயினும், பள்ளி நூலகர் யாருக்காக அமர்த்தப்படுகிறார் என்னும் வினாவுக்கு விடை தேடிக்கொள்வதே முதன்மையான ஆயத்தமாகும்.

கணித ஆசிரியர் நூலகரான வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டில் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தியபோது, ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இலர். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த எஸ். ஆர். அரங்கநாதனும் விண்ணப்பித்திருந்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டதே அவர் செய்த ஆயத்தம்! 1924 சனவரியில் பதவியேற்றவர், அதன் தனிமை தாளாமல் சில வாரங்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று பயின்று வாரும், பின்னரும் விருப்பமில்லையேல் கணிதத்துக்கே திரும்பலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது.

அங்கே மக்கள் பயன்படுத்தும் நூலகங்களை நேரில் கண்டதும் அவர் மனம் மாறிற்று. தாயகம் திரும்பும் வழியில், கப்பலிலிருந்த நூலகத்தையே தம் முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம். 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் அவர் வெளியிட்டார்.

ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் பதவி பெறும் வாய்ப்பு இன்று எவருக்கும் இல்லை. ஆனால் அவரை நூலகராக்கியது நேரில் கண்ட காட்சி என்பதை நினைவிற் கொள்க. நேர்காணலுக்கு முன்னுள்ள நாட்களில் ஊர்ப்புற நூலகத்துக்கும், இசைவு கிடைத்தால் பள்ளி நூலகம் ஒன்றுக்கும் சென்று ஒரு மூலையில் அமர்ந்து கவனியுங்கள். பிள்ளைகள் எந்த அலமாரியை நாடுகின்றனர், எதை எடுத்து உடனே திரும்ப வைக்கின்றனர், எதைக் கேட்கத் தயங்குகின்றனர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்கத்தக்க வினாக்கள்

தொழில் வினாக்களுக்கு விடை தெளிவாக இருக்கவேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் எவ்வெவற்றை எழுதுவது, ஆண்டுதோறும் இருப்பை எவ்வாறு சரிபார்ப்பது, டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் எங்கு அமையும் (894.811) என்பன போன்றவை கேட்கப்படலாம்.

"நூல் தொலைந்தால் என்ன செய்வீர்?" என்னும் வினாவே கடினமானது. பொறுப்பு தம் தலையில் விழுமென்று அஞ்சி அலமாரியைப் பூட்டிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பது அரங்கநாதனின் முதல் விதி. இரவல் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவேன். தவணை கடந்த நூலைக் கனிவோடு கேட்டு வாங்குவேன். தொலைந்ததையும் கிழிந்ததையும் மறைக்காமல் தலைமையாசிரியருக்கு எழுத்தில் அறிவிப்பேன். அதற்காகக் கதவைப் பூட்டமாட்டேன் என்று பணிவோடும் உறுதியோடும் கூறுங்கள்.

நம் கரையின் பிள்ளைகள்

வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள நம் கடற்கரையில், பாடநூலன்றி வேறு நூல் இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. தூத்துக்குடியில் விசைப்படகுகள் விடியுமுன் புறப்பட்டு இரவில் கரை சேர்கின்றன. தந்தை கடலிலும் தாய் வேலையிலும் இருக்கும் இல்லத்தில் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டுவார் யார்? அப்பிள்ளைக்குப் பள்ளி நூலகமே முதல் நூலகம். பல வேளைகளில் அதுவே ஒரே நூலகம். முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் இன்றும் உளர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கடல், மீன், கப்பல் பற்றிய நூல்களைத் தேடித் தருவேன் என்று, ஓரிரு நூற்பெயர்களோடு சொல்லக்கூடியவரின் விடை தனித்து நிற்கும்.

புன்னைக்காயல் தரும் பாடம்

நூலைப் பேணுவதன் அருமைக்கும் நம் கரையிலேயே சான்றுண்டு. அன்றிக்கு அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் புன்னைக்காயலில் அச்சேறியதாக அறிஞர் கூறுவர். இங்கே அது வழக்கொழிந்து மறைந்தது. வத்திக்கான் நூலகத்திலோ ஒரு படி காக்கப்பட்டது. தனிநாயக அடிகள் 1948இல் நிறுவிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம், 1967இல் அதை மீண்டும் பதிப்பித்தது. 381 ஆண்டுகளுக்குப் பின் நூல் ஊர் திரும்பியது. எங்கோ ஒருவர் அதைப் பட்டியலில் எழுதி, உரிய இடத்தில் வைத்திருந்தமையே அதற்குக் காரணம். பேணுதலும் வழங்குதலும் நூலகரின் இரு கைகள்.

நேர்காணல் முடிவில், "நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்பர். பிள்ளைகள் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவுண்டா, கோடை விடுமுறையில் நூலகம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். ஊதியத்தைப் பற்றியும் தயங்காது வினவலாம். உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பது குறையன்று.

பெற்றோரே, நாளை நேர்காணலுக்குச் செல்லும் மகனிடமோ மகளிடமோ இன்றிரவு ஒன்றைக் கேளுங்கள்: "பத்து வயதுப் பிள்ளை வந்து, எனக்கொரு புத்தகம் தாருங்கள் என்றால், எதைக் கொடுப்பாய்?" உடனே விடை வருமாயின், ஆயத்தம் நிறைவடைந்தது. வராவிடில், இன்னும் ஓர் இரவு இருக்கிறது.