விடுதலை என்றால் எந்த விடுதலை?

கோர்ட் வளாகத்தில் வக்கீல் வெளியே வந்து ‘பெயில் கிடைத்துவிட்டது’ என்று சொன்னதும், காத்திருக்கும் குடும்பம் கண்ணீரோடு கும்பிடுகிறது. ஊருக்குள் ‘பையன் விடுதலை ஆகிவிட்டான்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வழக்கே முடிந்துவிட்டதென்று நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால், பிடிவாரண்ட் வந்து நிற்கும்.

பெயில், டிஸ்சார்ஜ், அக்விட்டல், பரோல், ரெமிஷன் ஆகிய ஆங்கிலச் சொற்கள் எல்லாமே ஒருவர் வெளியே வருவதைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனி வழி. எந்தச் சொல் காதில் விழுந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்ததா? குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கிறதா? அவர் திரும்பச் சிறைக்குப் போக வேண்டுமா?

பெயில்

பெயில் என்பது ஜாமீன். வழக்கு அப்படியே இருக்கிறது. விசாரணை முடியும்வரை வெளியே இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராக வேண்டும். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் அதையும் தவறவிடக் கூடாது. நிபந்தனையை மீறினால் ஜாமீன் ரத்தாகலாம்.

பெயிலில் பலருக்கும் தெரியாத ஒரு வகை ‘டீஃபால்ட் பெயில்’. ஒருவரைக் காவலில் வைத்த பிறகு போலீஸ் குறித்த கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற கடும் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். சில சிறப்புச் சட்டங்களில் இந்தக் கெடு இன்னும் நீளும். கெடு தாண்டியும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் மனுப் போட்டுவிட வேண்டும் என்பதால் நாளை எண்ணிக்கொண்டிருப்பது முக்கியம்.

விசாரணைக் கைதிகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒருவர் மீது பல வழக்குகள் இருந்தாலும் இது பொருந்தாது.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடக்கும் ஏழைகள் பலர். பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் சிறையில் இருப்பது பெரும் அநீதி. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று இதற்காக வழிகாட்டுதல்கள் தந்தது. உத்தரவு கிடைத்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

டிஸ்சார்ஜும் அக்விட்டலும்

நீதிமன்றத்தில் டிஸ்சார்ஜ் என்றால், விசாரணைக்குப் போகும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று தொடக்கத்திலேயே வழக்கிலிருந்து விடுவிப்பது. சாட்சிகளை விசாரித்துச் சொல்லும் தீர்ப்பு அல்ல என்பதால், புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடியும் வழக்கு வரலாம்.

அக்விட்டல் என்பது விசாரணை முடிந்து ‘குற்றவாளி அல்ல’ என்று வரும் தீர்ப்பு. அது நிற்கும்வரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு மட்டும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் மேல் நீதிமன்றம் அழைத்தால் வருவேன் என்று 6 மாதத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள்.

பரோலும் ரெமிஷனும்

இவை தண்டனை பெற்றவர்களுக்கு உரியவை. பரோலில் வருபவர் குறித்த நாளில் சிறைக்குத் திரும்பியாக வேண்டும். தமிழ்நாட்டில் நாம் பரோல் என்று சொல்வதை 1982-ஆம் ஆண்டு விதிகள் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று பிரிக்கின்றன. வீட்டில் சாவு நேர்ந்தால் கேட்பது அவசர விடுப்பு.

ரெமிஷன் என்பது தண்டனைக் காலத்தைக் குறைப்பது. ‘ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்’ என்று ஊரில் சொல்வது சரியல்ல. ஆயுள் தண்டனை வாழ்நாள் முழுமைக்கும் உரியது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் ஆயுள் கைதியாக இருப்பவருக்கு, குறைந்தது 14 ஆண்டு கழிந்த பிறகே அரசு சட்டப்படி தண்டனைக் குறைப்பு வழங்கி விடுவிக்க முடியும். குறைப்பு இல்லாவிட்டால் 14 ஆண்டுக்குப் பிறகும் சிறைதான். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் உள்ள அரசியல் சட்ட அதிகாரம் தனி.

ஒரே வழக்கில் பல வழிகள்

பேரறிவாளனின் வழக்கில் இவற்றில் பலவற்றைக் காணலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-இல் கைதான அவருக்கு 1998-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கருணை மனு மீது முடிவெடுக்க ஏற்பட்ட நீண்ட தாமதத்தைக் காரணமாகக் கொண்டு, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2017-இல் அவர் பரோலில் வந்து திரும்பிப் போனார். 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. 2022 மார்ச் 9 அன்று ஜாமீன் கிடைத்தது. அதே ஆண்டு மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. இறுதியில் கிடைத்ததும் அக்விட்டல் அல்ல. குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்தாகவில்லை, சிறைவாசம் முடிந்தது.

ஆகவே வக்கீல் எந்தச் சொல்லைச் சொன்னாலும், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வாய்தா எப்போது, நிபந்தனை என்ன என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருவார்கள்.