வைப்பாற்றங்கரையின் உழைக்கும் கைகள்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்குத் தெற்கே உள்ள வெம்பக்கோட்டையின் பெயர் இன்று நாளிதழ்களில் பெரும்பாலும் இரு காரணங்களுக்காகவே இடம்பெறுகிறது. ஒன்று அகழாய்வு; மற்றொன்று பட்டாசு ஆலை விபத்து. முன்னதைப் படித்துப் பெருமிதம் கொள்கிறோம். பின்னதைப் படித்துப் பெருமூச்செறிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இந்த மண்ணையும் மக்களையும் சற்று அருகிருந்து காண்போமா?

மண்ணும் நீரும்

மேற்கே அடிவானில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாய்த் தெரிகின்றது. மலை தெரிந்தும் மழைதான் இல்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட, இப்புறம் வருவது காற்று மட்டுமே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பியே கரிசற்காட்டில் பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் விதைக்கப்படுகின்றன. மலைச் சரிவுகளில் பிறக்கும் வைப்பாறு இவ்வூரைத் தொட்டு, சாத்தூர் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. இங்கே அதன் குறுக்கே ஓர் அணையும் உண்டு. ஆயினும், ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நாம் காண்பது மணலைத்தான்.

பண்டைய கைகள்

இந்த ஆற்றின் வடகரையில், விஜயகரிசல்குளத்தை அடுத்த மேட்டுக்காட்டில், தமிழகத் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் அகழாய்வைத் தொடங்கியது. 2023லும் 2024லும் அப்பணி தொடர்ந்தது. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், தந்தத்தாலான பகடை, பொன் அணிகலன் என ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவை சங்கு வளையல்களே. முழுச் சங்குகளும், அறுத்த துண்டுகளும், முற்றுப்பெறாத வளையல்களும் கிடைத்திருப்பதால், வளையல்கள் இங்கேயே செய்யப்பட்டன என்பது தெளிவு. சங்கோ கடற்பொருள். தொலைவிலிருந்து வந்த சங்கை இந்த வறண்ட மேட்டில் அமர்ந்து அறுத்து, தேய்த்து, மெருகேற்றிய கைகள் எத்துணைப் பொறுமையான கைகளாய் இருந்திருக்கும்!

இன்றைய கைகள்

அதே பொறுமையான கைகள்தாம் இன்று பட்டாசு செய்கின்றன. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923ஆம் ஆண்டளவில் சிவகாசியில் அதற்கு வித்திட்டனர். பட்டாசுத் தொழிலும் பின்னர் அங்கே வேரூன்றிச் சுற்றுப்புறமெங்கும் பரவியது. வேளாண்மையை வாட்டிய வெயிலே மருந்தை உலர்த்த உதவிற்று. ஆலையை இங்குள்ளோர் 'பயராபீஸ்' என்பர். "உயிருக்கு ஆபத்தான இவ்வேலை எதற்கம்மா?" என்று ஒருமுறை ஒரு தாயிடம் வினவினோம். "மழை பெஞ்சா காட்டு வேலை, பெய்யாட்டி பயராபீஸ். வேற என்ன சாமி இருக்கு?" என்றார் அவர். நம்மிடம் மறுமொழி இல்லை.

விபத்து இங்கே விதியன்று. மருந்து நிரப்பும் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதிமுறை. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைத்தலும் ஆகாது. ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆனால், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவோர் வேறாக இருக்கும்போது, அவசரம் விதியை வென்றுவிடுகின்றது. எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்பதால் தொழிலாளரும் விரைகின்றனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 17 அன்று இராமுத்தேவன்பட்டியில் பத்துப்பேர் மாண்டனர். தொலைவில் ஓசை கேட்டதும் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து, புகை எழும் திசையை நோக்குவர். 'அது நம் வீட்டார் வேலை செய்யும் திசையா?' என்பதே அவர்தம் முதற் கேள்வி. அந்த ஒரு கணத்தின் வேதனையை எந்த நிவாரணத் தொகையால் ஈடுசெய்ய இயலும்?

நம் கடமை

வெடிமருந்தோடு உழைப்போரின் பாதுகாவலியாகத் திருச்சபை மரபு போற்றுவது மறைசாட்சியான புனித பார்பரம்மாளை. அவரது திருநாள் டிசம்பர் 4. அன்று நம் குடும்பச் செபத்தில் இம்மக்களை நினைவுகூர்வோம். ஆயினும் செபம் மட்டும் போதாது. தொழிலாளியின் நியாயமான கூலி, அளவான உழைப்பு, உடல்நலம் ஆகியவை முதலாளியின் இரக்கத்தைப் பொறுத்தவையல்ல, நீதியின் கடன் என்று 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஆகவே, இவ்வட்டாரத்து நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நால்வர் அறையில் ஐந்தாமவராய் நுழையாதீர்கள். கூடுதல் கூலிக்காக வீட்டில் மருந்தை வைத்திராதீர்கள். பிள்ளைகளின் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். ஆலை நடத்துவோர்க்கு: உங்கள் ஆதாயக் கணக்கில் உயிரின் விலையையும் சேர்த்து எழுதுங்கள். தொலைவில் வாழும் வாசகர்களுக்கு: திருநாளன்று மத்தாப்பைக் கொளுத்தும்போது, அதை உருட்டிய கைகளை நினையுங்கள். பண்டைய வளையல்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகின்ற நாம், வாழும் கைகளைக் காக்கத் தவறினால், வருங்காலத் தலைமுறை நம்மை மன்னிக்குமா?