வயதான வண்டில் மாடு விட்டுவிட்டு நொண்டினால்

சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு ஒரு சோடி மாடும் வண்டிலும் இருப்பது சிறிய காரியமல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்களின் நெல்மூட்டைகளையும் நடக்க முடியாத முதியோரையும் சுமந்தவை வண்டில்களே. இன்று உழவு இயந்திரங்கள் பெருகிவிட்டன. எனினும், விறகும் மணலும் எருவும் ஏற்றி அன்றாடச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடு நொண்டத் தொடங்கினால் அடுப்பும் தளர்ந்துவிடுகிறது. விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழுகிறது. அவசரப்பட்டு முடிவெடுக்குமுன் நாம் சிலவற்றை அறிந்துகொள்வது நன்று.

முதலில் குளம்பைப் பாருங்கள். மாடுகளின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலிருந்தே வருகிறது. கல், முள், ஆணி, குளம்பிடைப் புண், அளவுக்கு மீறிய வளர்ச்சி ஆகியவற்றைக் கழுவிப் பார்த்தே அறியலாம். வாயில் கொப்புளமும் எச்சில் வடிதலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது கால்வாய் நோயாக இருக்கலாம். மூட்டு திடீரென வீங்கிச் சுட்டாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ தாமதியாமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

இவை எவையும் இல்லை. மாட்டுக்கும் வயது சென்றுவிட்டது. ஒரு நாள் நொண்டுகிறது, மறுநாள் நன்றாக நடக்கிறது என்றால் மூட்டுத் தேய்வு என்று ஐயுறலாம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு ஆண்டுக்கணக்கான பாரத்தால் தேய்ந்துவிடுகிறது. படுத்தெழும்பும்போது விறைப்பாக இருக்கும். சற்று நடந்தால் இளகும். கடும் வேலை செய்த மறுநாள் மீண்டும் நொண்டும். முன்னங்காலில் நோவு இருந்தால் அந்தக் கால் நிலத்தில் படும்போது தலை மேலே உயரும். பின்னங்காலானால் அந்தப் பக்க இடுப்பின் அசைவு மாறுபடும்.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆனால் நோவைக் குறைத்து, மாட்டைப் பல காலம் பயன்படச் செய்யலாம்.

நோவு கூடிய நாட்களில் முழு ஓய்வு கொடுங்கள். நோவு தணிந்தபின் நாள்தோறும் சிறிது நடக்க விடுங்கள். கிழமைக்கணக்கில் கட்டி வைத்துவிட்டு ஒரே நாளில் முழுப்பாரம் ஏற்றுவதே மூட்டுக்கு மிகக் கெடுதி. பாரத்தைப் பாதியாக்கி, காலைக் குளிரில் வேலையை முடியுங்கள். சேற்றுழவுக்கும் ஆழமான மணற்பாதைக்கும் இம்மாட்டைப் பூட்டாதீர்கள். சில்லின் அச்சுக்குக் கிறீஸ் பூசுங்கள். பாரம் ஏற்றி இறக்கும் நேரத்தில் மாட்டை அவிழ்த்து விடுங்கள்.

சீமெந்துத் தரையிலும் ஈரத்திலும் படுக்க விடாதீர்கள். மணலையோ உலர்ந்த வைக்கோலையோ தடிப்பாகப் பரப்புங்கள். முகாமில் இடம் குறைவாக இருந்தாலும் மாடு புரண்டு எழும்பப் போதிய இடம் வேண்டும். பல் தேய்ந்த மாட்டுக்கு வைக்கோலை நறுக்கி நனைத்து, சீமைக்கிளுவைக் குழையும் சிறிது தவிடும் பிண்ணாக்கும் கலந்து வையுங்கள். மெலிந்தால் மூட்டைத் தாங்கும் தசை குறையும். கொழுத்தால் பாரம் கூடும்.

புதிய வீக்கத்துக்குக் குளிர்நீர்த் துணியைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பழைய விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் உதவும். மூட்டில் குறிசுடுவதால் தேய்வு மாறாது; புண்ணும் வேதனையுமே மிஞ்சும். மனிதருக்குரிய நோவுக் குளிசைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். வைத்தியர் தரும் மருந்தில் நோவு மறைந்தாலும் தேய்வு மறையவில்லை. நோவு தெரியவில்லையென்று அன்றே பாரம் இழுக்க வைத்தால் மூட்டு இன்னும் கெடும்.

பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் எந்த நாள், எந்தக் கால், முதல்நாள் என்ன வேலை, மழையா வெயிலா என்று குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் எந்த வேலை இம்மாட்டுக்கு ஒத்துவராது என்பது உங்களுக்கே விளங்கும். வைத்தியருக்கும் அக்குறிப்பு பேருதவியாகும். பாரமான வேலைக்கு அயலவரின் மாட்டை இரவல் பெற்று, பதிலுக்கு எருவையோ உங்கள் உடலுழைப்பையோ கொடுக்கலாம். முகாம்களில் இத்தகைய கொடுக்கல் வாங்கலே பலரைத் தாங்கியிருக்கிறது.

ஓய்வு கொடுத்தும் ஊன்ற முடியாமை, தானாக எழும்ப முடியாமை, தீன் மறுத்தல், நாளுக்கு நாள் மெலிதல் ஆகியவை தோன்றினால் அதை மேலும் பூட்டுவது அநியாயம். அப்போது அடுத்து என்ன செய்வதென்று வைத்தியருடன் பேசி முடிவெடுங்கள்.

ஓய்வுநாள் பற்றிய திருச்சட்டம் மனிதரோடு மாட்டையும் சேர்த்தே பேசுகிறது. எல்லாம் இழந்த வேளையில் இந்த ஓய்வு எமக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்கத் தோன்றும். கணக்குப் பார்த்தால், கிழமைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்த மாடு மிகுதி நாட்களில் உழைத்துத் தரும். ஓய்வே கொடாத மாடு விரைவில் ஒரு நாளும் உழைக்க முடியாத நிலைக்கு வந்துவிடும்.